சூடானால் மட்டும் மூன்றாவது சிலிண்டர் எடுக்கவில்லை. காயில் மூன்று மாற்றியாச்சு

ஏற்காடு ரூட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்ன இடத்தில் எல்லாம் எனக்குக் காயில்தான் (பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் சாமான்) விற்றார்கள்.

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல். 2019இல் எல்பிஜி கிட் போட்டேன். மீட்டரில் இப்போது 1,46,000. காலையில் சேலத்திலிருந்து நான்கு ஆசிரியர்களை ஏற்காட்டுக்கு ஏற்றிப் போவதும் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதும்தான் பிழைப்பு. 20 கொண்டை ஊசி வளைவு, போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

முதல் கோளாறு போன ஐப்பசி மழையில் வந்தது. ஏழாவது வளைவு தாண்டி இரண்டாவது கியரில் மிதித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி உதறும். செக் எஞ்சின் லைட் நின்று எரியாமல் சிமிட்டும். ஆக்சிலேட்டரை லேசாக விட்டால் அடங்கிவிடும். பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி0303 என்று கோளாறு கோடு, மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது நடுநடுவே எரியாமல் விடுகிறது. காயிலை உருவினால் பிளக் குழிக்குள் ஆயில் நிற்கிறது. காயிலின் ரப்பர் ஆயிலில் ஊறிப் பருத்திருந்தது, அதன் பக்கவாட்டில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு. கரன்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக ஹெட்டுக்குத் தாவுகிறது என்று காட்டினார்கள். அது நியாயமான வேலை, எனக்குப் புகார் இல்லை. கவர் கேஸ்கட், குழி சீல், ஒரு காயில், நாலு பிளக். மொத்தம் 6,850 ரூபாய். அடுத்த நாளே மலை வெண்ணெயாக ஏறியது.

மூன்று வாரம் கூட ஆகவில்லை. சாயங்காலம் இறங்கி வந்து ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் வண்டி குலுங்குகிறது. கண்ணாடியில் தொங்கும் முருகன் டாலர் தானாக ஆடுகிறது. மறுபடி பி0303. ஆனால் இந்தத் தடவை ஆள் வேறு மாதிரி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடானபின், அதுவும் நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும்தான் வருகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோனால் சுத்தமாகிவிடும். மலை ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாவது காயில் போட்டார்கள். தீரவில்லை. “அந்த பிராண்டு டூப்ளிகேட் வருதுங்க” என்று வேறு பிராண்டில் மூன்றாவது. அதுவும் இல்லை. பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன், அதே குலுக்கல். 900 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி நானே மூன்றாவது காயிலையும் பிளக்கையும் ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதில் இருந்ததை மூன்றில் மாட்டினேன். ஸ்கேனரில் பழைய கோளாறு கோடை அழித்துவிட்டு ஓட்டினால் திரும்ப வந்தது பி0301 அல்ல, பி0303தான்.

வேறொரு பட்டறையில் காலையில் வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மதியம் போன்: “கம்ப்ரஷன், அதான் சிலிண்டர் காத்தை அமுக்குற அழுத்தம், பார்த்தாச்சு, மூணுல 155 இருக்கு, எஞ்சின் நல்லாதான் இருக்கு. ஆக்சிஜன் சென்சார் லீன், பெட்ரோல் கம்மின்னு காட்டுது, மாத்திடலாம்.” இன்னொருவர் வண்டியைத் தொடாமலே “எஞ்சின் வேலை, 45,000 ஆகும்” என்றார்.

காயிலுக்கும் கம்ப்ரஷனுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சென்சார் மாற்றலாமா, எஞ்சினைத் திறப்பதா? நாளைக்கும் ஆசிரியர்கள் ஏழு மணிக்கு நிற்பார்கள்.


பெட்ரோல் மணம் எழுதியது:

இன்ஜெக்டர் அடைப்பாக இருக்கலாம் நண்பரே. டேங்கில் க்ளீனர் ஒரு பாட்டில் ஊற்றி நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எனக்குச் சரியானது.


பட்டறைக்காரி எழுதியது:

அண்ணா, திண்டுக்கல்லில் அப்பா வைத்த பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் சென்சாரை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

சிலிண்டர் ஒன்று எரியாமல் விட்டால் அதில் போன காற்று அப்படியே சைலன்சர் பக்கம் வந்துவிடும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். எரியாத காற்றைப் பார்த்து “லீன், லீன்” என்று கத்துகிறது. அது உண்மையைத்தான் சொல்கிறது, கேட்கிறவர்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறார். நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்ட வண்டிகள் எங்கள் பட்டறைக்கு மாதம் ஒன்றாவது வரும்.

இன்ஜெக்டர் என்று சொன்ன நண்பருக்கு: அண்ணன் கேஸிலும் பெட்ரோலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டார். கேஸ் இன்ஜெக்டர் வேறு, பெட்ரோல் இன்ஜெக்டர் வேறு. இரண்டும் ஒரே சிலிண்டரில் ஒரே நேரத்தில் கெட்டுப்போகிற அளவுக்கு யாருக்கும் ஏழரை நடக்காது.

இப்போது காயில். நீங்கள் இடம் மாற்றிப் போட்டதுதான் இதில் யாரும் செய்யாத நல்ல வேலை. காயிலும் பிளக்கும் ஒன்றாவதற்குப் போன பிறகும் கோளாறு மூன்றிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கத்துக் கதை முடிந்தது. கம்ப்யூட்டரிலிருந்து காயிலுக்கு வரும் ஒயர், சாக்கெட் மட்டும் மிச்சம். அதில் குறை என்றால் மலையிலும் உதறும், பெரும்பாலும் பி0353 என்று காயில் சர்க்யூட்டுக்கான கோடும் வரும். (காயிலின் உட்பக்கம் மட்டும் செத்தால் பல வண்டிகளில் அந்தக் கோடு வராது. அதனால் பி0353 இல்லை என்பதை வைத்துக் காயிலுக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பிக்கை. மீட்டர் வைத்து ஓம்ஸ் பார்ப்பதும் அப்படித்தான். ஆறிப்போன காயில் மீட்டரில் பாஸ் ஆகும், சூட்டில் ஃபெயில் ஆகும்.)

உங்கள் இரண்டு கோளாறும் ஒரே கோடு காட்டியதால் எல்லாரும் ஒரே வியாதி என்று நினைத்துவிட்டார்கள். ஐப்பசியில் வந்தது மிதித்தால் வரும் உதறல். காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் திறந்து சிலிண்டருக்குள் காற்று நிறைய அடைபடும்போது பிளக் நுனியில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். காயில் 25,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளவேண்டிய நேரம் அது. ரப்பரில் கரிக்கோடு இருந்தால் கரன்ட் சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இப்போது வருவது அதற்கு நேர் எதிர். நின்ற இடத்தில் ஓடும்போது உள்ளே போகிற காற்றே கொஞ்சம், பிஸ்டனும் மெதுவாக ஏறுகிறது. எங்காவது கசிவு இருந்தால் கசிய அவகாசம் கிடைக்கிறது. 2,000க்கு மேல் போனால் கசிவதற்குள் வெடித்துவிடுகிறது. மிதித்தால் உதறினால் கரன்ட், நின்றால் உதறினால் காற்று என்று அப்பா சொல்வார். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்பதற்கு இது போதும்.

சரி, கம்ப்ரஷன் 155 இருந்ததே என்கிறீர்கள். காலையில் விட்டீர்கள், மதியம் போன் வந்தது. அவர்கள் பார்த்தபோது எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறிப் பச்சைத் தண்ணீராக இருந்ததா? மற்ற மூன்றிலும் எவ்வளவு? இந்த இரண்டும் தெரியாமல் 155 என்பது வெறும் நம்பர்.

கோளாறு சூட்டில் வருகிறது, அளந்தது ஆறியதில். காய்ச்சல் இறங்கினபின் தெர்மாமீட்டர் வைத்த மாதிரி.

நீங்களே பார்க்கலாம். பிளக் குழியில் திருகி மாட்டும் ஹோஸ் வைத்த கம்ப்ரஷன் கேஜ் வாங்குங்கள். ரப்பர் கூம்பைக் கையால் அழுத்திப் பிடிக்கிற வகை வேண்டாம், குழி ஆழம், கை நழுவும், ரீடிங் பொய் சொல்லும். மலை இறங்கி வந்த சூட்டோடு செய்யுங்கள். கேஸ் வால்வை மூடிவிடுங்கள். நாலு காயில் சாக்கெட்டையும் கழற்றுங்கள், பெட்ரோல் இன்ஜெக்டர் சாக்கெட்டையும் கழற்றுங்கள், கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பொறியும் சேர்ந்தால் போதும், மீசை போய்விடும். சுற்றி இருக்கிற தூசியை ஊதிவிட்டு நாலு பிளக்கையும் எடுங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். அலுமினிய ஹெட், சூட்டில் பிளக் இறுகினால் மல்லுக்கட்டாதீர்கள், மறையே வந்துவிடும், ஐந்து நிமிடம் விட்டுத் திருகுங்கள். பேட்டரி நிறைவாக இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்கவேண்டும். இதை மறந்தால் த்ராட்டில் மூடியிருக்கும், காற்றே போகாது, நாலும் மோசமாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

ஒவ்வொன்றுக்கும் ஆறு அடி, அதாவது கேஜ் முள் ஆறு தடவை துள்ளும் வரை. கடைசி நம்பரை மட்டும் எழுதாமல் முதல் அடியில் முள் எங்கே போகிறது என்றும் பாருங்கள். நல்ல சிலிண்டர் முதல் அடியிலேயே பாதிக்கு மேல் எகிறும். பிஸ்டன் ரிங் தேய்ந்தது சோம்பலாக ஆரம்பித்து அடிக்கு அடி ஏறும். வால்வ் கசிந்தால் ஆரம்பமும் குறைவு, அப்புறமும் பெரிதாக ஏறாது.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கும்.

கேஜ் கைக்கு வருவதற்குள் இன்று சாயங்காலமே ஒன்று செய்யுங்கள். வண்டி குலுங்கும்போது சைலன்சர் வாயில் ஒரு பேப்பர் துண்டை, விரல் அகலம் தள்ளி, தொங்கவிட்டுப் பிடியுங்கள். அப்பா பத்து ரூபாய் நோட்டைப் பிடிப்பார், கஸ்டமரின் நோட்டை. நல்ல எஞ்சின் அதைச் சீராக வெளியே தள்ளும். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வ் சரியாக மூடாவிட்டால் நடுநடுவே பேப்பரை உள்ளே இழுத்து வாயில் ஒட்டவைக்கும். மிஸ்ஸிங் எதுவாக இருந்தாலும் புஸ் புஸ் என்று தடுமாறும். ஆனால் உள்ளே உறிஞ்சுவது தனி.


ஏற்காடு ரூட் எழுதியது:

தங்கச்சி, பேப்பர் உறிஞ்சுகிறது. பஸ் டிக்கெட் ஒன்றைப் பிடித்தேன், நாலு தடவை தள்ளி ஒரு தடவை சப்பென்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன் இதைப் பார்த்துவிட்டு நான் வண்டிக்கு டிக்கெட் போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

கேஜ் 1,350 ரூபாய்க்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் வரை ஓட்டிவிட்டு வந்து, மச்சானை உள்ளே உட்காரவைத்து நீங்கள் சொன்னபடியே அளந்தேன். பிஎஸ்ஐ கணக்கு. ஒன்று 174, இரண்டு 170, மூன்று 112, நாலு 172. மூன்றாவதில் முதல் அடியில் முள் 50ஐத் தொடவில்லை, மற்றதில் எல்லாம் 100 தாண்டியது. ஆயில் ஊற்றின பிறகு மூன்று 117.

இரவு விட்டுவிட்டுக் காலையில் ஆறின எஞ்சினில் மூன்றாவதை மட்டும் திரும்ப அளந்தேன். 151. அந்தப் பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, இவ்வளவு நாளாக அவரை மனசுக்குள் திட்டியதுதான் மிச்சம்.

என்ன முடிவு? சேலத்தில் ஹெட் வேலைக்கு யாரிடம் போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


ரிக் வண்டி எழுதியது:

ஆயிலுக்கு ஏறவில்லை, பேப்பர் உறிஞ்சுகிறது, எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துவிட்டது. யோசிக்க ஒன்றும் இல்லை. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளில் 18 வருடம் கம்ப்ரஸர் எஞ்சின் பார்த்தவன் சொல்கிறேன். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுங்கள், வால்வ், கைடு, சீட் எல்லாம் ஒரே தடவையாக முடித்துவிடலாம். ஓட்ட ஓட்டச் செலவு ஏறும்.


பட்டறைக்காரி எழுதியது:

ரிக் அண்ணா சொல்வது கடைசியில் சரியாகப் போகலாம், ஆனால் ஒரு படியைத் தாண்டிவிட்டார். வால்வ் ஒரேயடியாக எரிந்து சில்லு போயிருந்தால் ஆறினாலும் 151 வராது. ஆறினால் மூடுகிறது, சூடானால் மூட மறுக்கிறது. அப்படியென்றால் வால்வ் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதற்கு இடம்தான் போதவில்லை. டேப்பட் கேப், அதாவது வால்வ் தண்டுக்கு மேல் விட்டிருக்கும் இடைவெளி, பார்க்காமல் யாரும் ஹெட்டைத் தொடாதீர்கள்.

அண்ணா, வண்டி 2019இலிருந்து கேஸில் ஓடுகிறது. கேஸ் உலர்ந்து எரிகிற சமாச்சாரம், பெட்ரோல் மாதிரி ஈரமாக உள்ளே வந்து குளிர வைக்காது. எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் சீட் நாளடைவில் தேய்ந்து உள்வாங்கும். சீட் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்கு வால்வின் தண்டு மேலே ஏறும், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் அதற்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி அந்த அளவுக்குச் செத்துவிடும். சாதாரணமாக டேப்பட் தேய்ந்தால் கேப் கூடும், டக் டக் என்று சத்தம் வரும், நாமும் கவனிப்போம். இது குறைகிற வழக்கு, சத்தமே இருக்காது. எஞ்சின் வழக்கத்தைவிட அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

சூடானால் வால்வ் நீளும். நீளுவதற்குத்தான் அந்த இடைவெளி. அது இல்லாவிட்டால் நீண்ட வால்வ் ராக்கரில் முட்டிக்கொண்டு சீட்டை விட்டு முடி கனத்துக்குத் தூக்கி நிற்கும். வால்வ் தன் சூட்டை இறக்கிவைப்பதே சீட்டில் உட்காரும்போதுதான். உட்காராவிட்டால் இன்னும் சூடாகும், இன்னும் நீளும். இப்படியே விட்டால்தான் ரிக் அண்ணா சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும்.

எஞ்சின் நன்றாக ஆறினபின் மேல் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். ராக்கர் நுனியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தால் அரை நாள் வேலை. நேராகக் கேமுக்கு அடியில் பக்கெட் இருந்தால் கேமைக் கழற்றி ஷிம்மோ பக்கெட்டோ அளவு பார்த்து மாற்றவேண்டும், கொஞ்சம் இழுக்கும். பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள்) விட்டு பதினாறு வால்வையும் அளந்து எழுதச் சொல்லுங்கள், மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. உங்கள் வண்டிக்கான அளவு கம்பெனி மேனுவலில் இருக்கும், எக்ஸாஸ்ட்டுக்குக் கேஸ் வண்டியில் அந்த அளவின் மேல் எல்லையில் வைப்பது என் பழக்கம்.

இன்னொன்று. பிளக் நுனியில் பொறி தாவும் கேப், அதாவது இடைவெளி, என்ன வைத்திருக்கிறார்கள்? பெட்டியில் வந்தபடியே 1.1 மி.மீ. மாட்டியிருந்தால் கேஸுக்கு அது அதிகம். கேஸில் பொறி தாவ வோல்ட் கூட வேண்டும். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 0.8க்குக் குறையுங்கள். அந்த முதல் காயில் செத்ததில் ஆயிலுக்கு மட்டுமில்லை, இதற்கும் பங்கு இருக்கலாம்.


குன்னூர்க்காரன் எழுதியது:

நடுவில் ஒரு சின்ன விஷயம், மலையில் இருக்கிறவர்களுக்கு. நான் குன்னூரில் என் வண்டியை அளந்து நாலும் 140 என்று வந்ததும் எஞ்சின் போச்சு என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம்தான் ஒரு பெரியவர், “இங்கே காத்தே குறைச்சல்தானே தம்பி, எஞ்சின் எதை அமுக்கும்?” என்றார். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு காற்றழுத்தம்தான் இங்கே. அதே வண்டியை மேட்டுப்பாளையம் இறக்கி அளந்தால் 170க்கு மேல் காட்டியது. ஏற்காடு ரூட் அண்ணன் மேலே போய் அளக்காமல் கீழேயே அளந்தது நல்லதாகப் போயிற்று. எங்கே அளந்தாலும் நாலுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.


ஏற்காடு ரூட் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, வண்டியை நிறுத்த முடியவில்லை. சனிக்கிழமைதான் கவரைத் திறந்தோம்.

ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கிற வகைதான், தப்பித்தேன். என் சித்தப்பா மகன் ஒருவன் பழைய அம்பாசிடர் காலத்து ஆள், அவன் கையில் பில்லர் கேஜ் கொடுத்தேன். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வ் எட்டும் அளவுக்குள் இருந்தது. எக்ஸாஸ்ட் எட்டும் குறைவு. ஒன்றிலும் நாலிலும் 0.18, 0.20 மி.மீ. என்று ஓடியது. மூன்றில் ஒரு வால்வ் 0.14. இன்னொன்றில் அவன் ஒவ்வொரு இலையாகக் குறைத்துக்கொண்டே வந்தான், 0.10 போகவில்லை, 0.08 போகவில்லை. கடைசியில் 0.05, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத்தாள் மாதிரி இருக்கும் இலை, அதை நுழைத்தால் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மேனுவலில் எக்ஸாஸ்ட்டுக்கு இருக்கவேண்டியது 0.26 முதல் 0.30. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “இதுக்கா மூணு காயில் வாங்கின?”

எட்டையும் 0.30இல் வைத்தோம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றிக்கொள்கிறது, அதனால் ஒவ்வொன்றையும் இறுக்கினபின் மறுபடி இலை விட்டுப் பார்த்தான். இரண்டைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது. பிளக்கும் 1.1தான் இருந்தது, 0.8 ஆக்கினோம். கவர் கேஸ்கட் புதிதுதான் என்பதால் அதையே போட்டோம், ஒழுகவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் லேசாக டிக் டிக் சத்தம். எனக்குப் பயம், அவனுக்குச் சிரிப்பு. அடிவாரம் போய்வந்து சூட்டில் அளந்தோம்: 175, 173, 154, 173. திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து ரோடு சிக்னலில் 90 விநாடி நின்றேன், குலுக்கல் இல்லை. இன்றோடு ஒரு வாரம், கோடு வரவில்லை. செலவு பில்லர் கேஜ் 220, அவனுக்கு மதியம் பிரியாணி.

154 ஏன் மற்றதோடு சேரவில்லை? அதுவும் ஏறுமா, இல்லை ஹெட் வேலை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதானா?


பட்டறைக்காரி எழுதியது:

தள்ளிப்போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் சரியாக மூடாமல் ஓடின வால்வ், முகத்தில் லேசாகக் கருகியிருக்கும். இப்போது உட்கார ஆரம்பித்திருப்பதால் சிலசமயம் தானே கொஞ்சம் படிந்து ஐந்து பத்து ஏறும். 5,000 கிலோமீட்டர் கழித்து அதே சூட்டில், அதே கேஜில் அளங்கள். 150க்கு மேல் நின்றால் ஓட்டிக்கொண்டே இருங்கள். இறங்க ஆரம்பித்தால் கோடை லீவில் ஹெட்டைக் கழற்றி சீட்டும் வால்வும் பார்த்துவிடலாம், ஆசிரியர்களுக்கும் லீவு. கேஸ் வண்டிக்கு என்று சொல்லிக் கெட்டியான சீட் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய சீட்டையே சும்மா தேய்த்து லேப்பிங் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

டேப்பட் கேப்பை இனி 20,000க்கு ஒரு தடவை பாருங்கள். ஒன்றிலும் நாலிலும் 0.18 என்றீர்களே, மூன்றாவதின் தம்பிகள் அவை.

அந்த டிக் டிக் சத்தத்துக்கு யாராவது “டேப்பட் சத்தம் வருது, டைட் பண்ணிடலாம்” என்பார்கள். கையை எடுக்கச் சொல்லுங்கள்.


ரிக் வண்டி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. டீசலில் கேஸ் பிரச்சினை இல்லாததால் கேப் குறைகிற வழக்கு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஏற்காடு அண்ணே, கையில் இருக்கிற உபரி காயில் இரண்டையும் என்ன செய்யப் போகிறீர்கள்?


ஏற்காடு ரூட் எழுதியது:

ஒன்று டிக்கியில், ஸ்டெப்னி பக்கத்தில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மழைக்காலம் வருகிறது, ஏழாவது வளைவு அங்கேயேதான் இருக்கிறது. இன்னொன்றைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். அதே மாடல் வண்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது சேலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். முதலில் உங்கள் பழைய காயிலை இடம் மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.